எம்டன் எத்தனை வேகமாகச் சுட்டது?

"அவனா? சரியான எம்டன் ஆயிற்றே!" என்று வீட்டுப் பெரியவர்கள் யாரைப் பற்றியேனும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சொல்லை நம் பேச்சுக்குத் தந்தது ஒரு கப்பல்.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி இருக்கும். எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டது. இரண்டு தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலிலும் குண்டு பட்டு மாலுமிகள் மாண்டனர். மக்கள் பலர் ஊரைவிட்டே ஓடினார்கள்.

சுடப்பட்ட குண்டுகள் சுமார் 125. தாக்குதல் பத்து நிமிடம் நடந்தது என்பார் சிலர். அரை மணி என்பார் சிலர். நாம் கணக்கிட்டுப் பார்ப்போமா?

எம்டனில் 10.5 செ.மீ. பீரங்கிகள் பத்து இருந்தன. ஆனால் கப்பலின் ஒரு பக்கமாகச் சுடும்போது ஐந்துதான் பயன்படும். நன்கு பழகிய வீரர்கள் ஒரு பீரங்கியால் நிமிடத்துக்கு 15 குண்டுகள் வரை சுட முடியும். அதாவது 4 வினாடிக்கு ஒன்று. அந்த வேகத்தில் ஐந்து பீரங்கிகளும் முழங்கினால் 125 குண்டுகளும் 100 வினாடிகளில் தீர்ந்துபோகும்! பத்து நிமிடம் என்று கொண்டாலோ, ஒரு பீரங்கிக்கு 24 வினாடிக்கு ஒரு குண்டு. அரை மணி என்றால் 72 வினாடிக்கு ஒன்று. இவ்வளவு வித்தியாசம் ஏன்?

ஆம்பூரில் ஷூ தொழிற்சாலைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். (என் வகுப்பில் பாதிப்பேர் வீட்டில் அந்த வேலைதான்.) தையல் இயந்திரம் கடகடவென்று ஓடும். ஆனால் அப்பர் தைக்கும் அக்கா தோலைத் திருப்பி வைக்கிறார், ஓரம் சரிபார்க்கிறார், நூலை வெட்டுகிறார். இயந்திரத்தின் வேகத்தை வைத்து ஒரு நாளில் எத்தனை ஜோடி முடியும் என்று சொல்லிவிட முடியாது.

பீரங்கியிலும் அப்படியே. குண்டை ஏற்றுவது கைவேலை. அதைவிட முக்கியமானது, சுட்ட குண்டு எங்கே விழுந்தது என்று பார்த்துக் குறியைத் திருத்துவது. கப்பலுக்கும் கரைக்கும் இடையே சுமார் 2,700 மீட்டர். குண்டு குழலைவிட்டு வினாடிக்கு 690 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. காற்று தடுக்காவிட்டால் 4 வினாடியில் போய்ச் சேரும். காற்றின் தடையால் ஏறக்குறைய 5 வினாடி என்று வைத்துக்கொள்வோம். 4 வினாடிக்கு ஒன்றாகச் சுட்டால் முதல் குண்டு விழுமுன்பே இரண்டாவது கிளம்பிவிடும். முதல் குண்டு தப்பியிருந்தால் இரண்டாவதும் அதே வழியில் போய்த் தப்பும்! இரவு நேரம், வெடித்த புகை வேறு. அந்நியக் கடலில் உலவிய எம்டனுக்குப் புதுக் குண்டுகள் வாங்க வழியும் இல்லை. அவசரப்படாமல் சுட்டதில் வியப்பென்ன?

எனக்குப் பத்து நிமிடக் கணக்கே பொருத்தமாகப் படுகிறது. எதிரித் துறைமுகத்தின் முன்னால் அரை மணி நேரம் நின்று, நிமிடத்துக்கு நாலே குண்டு சுடும் தளபதி இருப்பானா? ஆனால் அச்சத்தில் இருப்பவனுக்கு நிமிடம் நீளும் என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொரு வேடிக்கை. ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்லும். 2,700 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 8 வினாடி. அப்படியானால் தொட்டிகளின் அருகே நின்றவர் முதலில் கேட்டது குண்டு வெடித்த ஓசையை; அதைச் சுட்ட பீரங்கியின் முழக்கம் 3 வினாடி கழித்தே வந்திருக்கும். இடி விழுந்த பிறகு "இடி விழப்போகிறது" என்று ஒருவர் சொன்னது போல!

1914 நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவருகே சிட்னி என்னும் ஆஸ்திரேலியப் போர்க்கப்பலிடம் எம்டன் அழிந்தது. அங்கே எதிரி ஓடும் கப்பல். தூரமோ பல கிலோமீட்டர். சிட்னியின் 6 அங்குலக் குண்டு ஒன்றின் எடை சுமார் 45 கிலோ. எம்டனின் குண்டு அதில் பாதிகூட இல்லை.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. குண்டு இலக்கை அடைய 20 வினாடி ஆகிறது. பீரங்கி 6 வினாடிக்கு ஒரு முறை சுடுகிறது. முதல் குண்டு விழும் கணத்தில் வானில் எத்தனை குண்டுகள் பறந்துகொண்டிருக்கும்? அவற்றில் குறி திருத்தப்பட்டவை எத்தனை?