முப்பது நாள் ஆகார நியமம்

மவுண்ட்–பூந்தமல்லி சாலையில், ஐயப்பன்தாங்கல் பேருந்து நிலையத்தை அண்டி மாலைதோறும் பஜ்ஜியும் பரோட்டாவும் மணக்கும் கடைகளைக் கடந்து வீடு திரும்பும் ஒருவர், ஒரு மாத காலம் இயற்கையான ஆகாரத்தையன்றி வேறொன்றையும் தீண்டுவதில்லையெனச் சங்கற்பம் செய்துகொள்வது சாமானிய காரியமன்று.

2009-இல் அமெரிக்காவில் தோன்றிய ‘ஹோல்30’ என்னும் முறை, 30 நாட்களுக்குச் சர்க்கரை, மது, தானியம், பருப்பு, பால் யாவற்றையும் விலக்கி, காய், கனி, மீன், இறைச்சி, முட்டை முதலியவற்றையே உண்ணச் சொல்கிறது. அதன்பின் விலக்கியவற்றை ஒவ்வொரு வகையாக, இடையே சில நாட்கள் விட்டு மீண்டும் சேர்த்து, எது தம் தேகத்துக்கு ஒவ்வாதது என்று கவனிக்க வேண்டும். அவசரத்தில் இப்பகுதியைக் கைவிடுவோர் பிரயத்தனத்தின் பயனையே இழக்கின்றனர்.

ஆயினும், உளுந்து சேர்ந்த இட்லியையும் துவரம்பருப்புச் சாம்பாரையும் மிட்டாயோடு ஒரே தராசில் நிறுப்பது நமக்குப் பொருந்துமென்று நான் கருதவில்லை. மாமிசம் உண்ணாதார்க்குப் பருப்பே பிரதான புரதமன்றோ! மைதா, சர்க்கரை, பாக்கெட் தின்பண்டங்கள் ஆகியவற்றை அகற்றி, கேழ்வரகு, தினை, கீரை, பயறு, மோர் ஆகியவற்றை வைத்துக்கொள்ளும் மாதமே நம் வீடுகளுக்கு உகந்தது. கார்த்திகையில் மாலையணிந்து ஒரு மண்டலம் விரதமிருக்கும் குடும்பங்களுக்கு இத்தகைய கட்டுப்பாடு புதிதுமன்று. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர் மட்டும் வைத்தியரைக் கேளாமல் இதைத் தொடங்கலாகாது; ஆகாரம் திடீரென மாறுகையில், பழைய அளவு மருந்தே ரத்தச் சர்க்கரையை அபாயகரமாகத் தாழ்த்திவிடக்கூடும்.