ஏரிக்கரை நகரங்கள் – 9: நொய்யல் நிரப்பும் ஊர்

சென்ற வார சூரிச் அத்தியாயத்தைப் படித்துவிட்டு காந்திபுரத்து நண்பர் ஒருவர் போனில் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, ஏரிக்கரை நகரத்தைத் தேடி ஐரோப்பா வரைக்கும் போறீங்களே, உக்கடத்துல எறங்கிப் பாத்தீங்களா?"

நியாயமான கேள்விதான். பெரியகுளம், வாலாங்குளம், முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணி, செல்வாம்பதி, கிருஷ்ணாம்பதி, நரசாம்பதி, குறிச்சி, சிங்காநல்லூர் என்று மாநகர எல்லைக்குள்ளேயே இத்தனை குளங்களை வைத்திருக்கும் கோயம்புத்தூரை யாரும் குளக்கரை நகரம் என்று சொல்வதில்லை. மில் ஊர், பம்புசெட் ஊர், ஆஸ்பத்திரி ஊர், காலேஜ் ஊர் என்றுதான் பெயர். வெளியூர் விருந்தாளி வந்தால் மருதமலைக்கும் ஈஷாவுக்கும் கூட்டிப்போய், அன்னபூர்ணாவில் சாம்பார் இட்லி வாங்கிக்கொடுத்து ரயிலேற்றி விடுகிறோம். அந்த ரயில் ஜங்ஷனை விட்டுப் போத்தனூர்ப் பக்கம் நகரும்போது இருபுறமும் தண்ணீர் விரியும். அதுதான் வாலாங்குளம். குளத்துக்கு நடுவே தண்டவாளம் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பல பயணிகள் கவனிப்பதேயில்லை.

சூரிச் ஏரி இயற்கையின் வேலை. பனியாறு தோண்டிய பள்ளம், 88 சதுர கிலோமீட்டர். கோவையின் குளங்களோ முழுக்க மனிதன் வெட்டியவை. காரணம் எளியது. ஊரின் மேற்கே மலை நின்று தென்மேற்குப் பருவமழையை மறிக்கிறது. சென்னையில் பெய்வதில் பாதிதான் இங்கே பெய்யும். ஆனால் அந்த மலையில் கொட்டுகிற மழை நொய்யலாக இறங்கி, சில நாட்கள் சீறிவிட்டு அடங்கிவிடும். ஓடுகிற அந்தச் சில நாட்களில் தண்ணீரைப் பிடித்து வைத்தால்தான் மிச்ச மாதங்களுக்குக் கிணற்றில் ஊற்று இருக்கும். அதற்காக ஆற்றுக்குக் குறுக்கே அணை, அணையிலிருந்து வாய்க்கால், வாய்க்கால் முனையில் குளம், ஒரு குளம் நிறைந்தால் வழிந்து அடுத்ததற்கு என்று பழங்காலத்திலேயே அமைத்துவிட்டார்கள். கொங்குச் சோழர் காலத்து ஏற்பாடு என்பார்கள்.

ஆகவே கோவைக்கு வருகிறவர் குளங்களை உக்கடத்திலிருந்து பார்க்கத் தொடங்கக்கூடாது. தண்ணீர் வரும் திசையிலிருந்து வர வேண்டும். வெள்ளியங்கிரி மலைச்சரிவில் பிறந்து வரும் பெரியாறும் சின்னாறும் கூடுதுறையில் கலந்து நொய்யலாகின்றன. கொஞ்ச தூரத்தில் சித்திரைச்சாவடி தடுப்பணை. ஆடி மாதம் போனால் அணைமேல் தண்ணீர் வழுக்கிக்கொண்டு விழும், பையன்கள் குதித்துக்கொண்டிருப்பார்கள். இங்கே பிரியும் வாய்க்கால்தான் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி வழியாக முத்தண்ணன் குளம் வரை போகிறது. மருதமலை சாலையில் பைக்கில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த வாய்க்கால் தெரியும்?

அடுத்து பேரூர். நொய்யலின் பழைய பெயர் காஞ்சிமாநதி. அதன் கரையில் பட்டீசுவரர் கோயில். கனகசபையின் தூண் சிற்பங்களைப் பார்க்க ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். யானையின் தோலை உரித்துப் போர்த்திக்கொண்டு நிற்கும் சிவனின் விரல் நகம் வரை கல்லில் இருக்கிறது. பிறகு படித்துறைக்கு வாருங்கள். திதி கொடுக்க வருகிறவர்கள் இன்றும் வருகிறார்கள். வருடத்தில் பாதி நாள் ஆற்றில் முங்குமளவு தண்ணீர் இருக்காது, அவ்வளவுதான்.

இப்போது உக்கடம். காந்திபுரத்திலிருந்து டவுன் பஸ் நிமிடத்துக்கு ஒன்று. பெரியகுளம் சுமார் 320 ஏக்கர். 2013 கோடையில் இது வறண்டு கிடந்தபோது, சிறுதுளி போன்ற அமைப்புகளும் மாநகராட்சியும் கூப்பிட, பள்ளிப் பிள்ளைகள் முதல் கம்பெனிக்காரர்கள் வரை ஞாயிறுதோறும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். அந்த வருட மழையிலேயே குளம் நிறைந்தது. கோவைக்காரர்கள் இதை இன்றும் பெருமையாகச் சொல்வார்கள், சொல்லட்டும். 2016 ஜனவரியில் வெளியான ஸ்மார்ட் சிட்டி முதல் பட்டியலில் கோவை இடம்பெற்றது. அந்தப் பணத்தில் நடைபாதை, விளக்கு, செல்ஃபி எடுக்கும் இடம் எல்லாம் வந்தன. வாலாங்குளத்தில் படகு ஓடுகிறது. குறிச்சி குளக்கரையில் தமிழ் எழுத்துகளாலேயே செய்த திருவள்ளுவர் சிலை நிற்கிறது. 2024 ஆகஸ்டில் திறந்த ஆத்துப்பாலம் மேம்பாலத்தில் மாலை வெயிலில் வந்தால் பெரியகுளம் முழுசாகக் கண்ணில் படும். நல்ல காட்சி, சந்தேகமில்லை.

பெரியகுளத்துத் தண்ணீர்மேல் வரிசையாகச் சூரிய மின் தகடுகள் மிதக்கின்றன. 154 கிலோவாட். அதை அமைக்க உதவியது எந்த நாடு தெரியுமா? சுவிட்சர்லாந்து. சூரிச்சிலிருந்து இந்த வாரம் நேராக உக்கடத்துக்கு வந்ததற்கு இதைவிட நல்ல சாக்கு எனக்குக் கிடைக்காது.

காலை ஆறு மணிக்குப் போனால் பரிசலில் மீன்பிடிக்கிறவர்களைப் பார்க்கலாம். வலையில் பெரும்பாலும் ஜிலேபி மீன். கரையேறிய ஒருவர் வலையை உதறிக்கொண்டே சொன்னார்: "மேலாப்புல பாத்தா தண்ணி நல்லாத்தான் இருக்குங்க. துடுப்பப் போட்டுக் கலக்குனாத்தான் நாத்தம் தெரியும்." அவர் காட்டிய மூலையில், புதுக் கிரானைட் நடைபாதைக்குக் கீழே, ஒரு குழாய் வாயிலிருந்து சோப்பு நுரையோடு கறுப்பாக ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது. அதன் வாயருகே ஆகாயத்தாமரை மட்டும் செழித்துக் கிடந்தது.

இந்தத் தொடரில் சூரிச்சைப் பற்றிச் சொன்னதை நினைவுபடுத்துகிறேன். அந்த ஊர்க் குழாயில் வரும் தண்ணீரில் ஏறக்குறைய 70 சதவீதம் ஏரித் தண்ணீர். குடிக்கிற தண்ணீரில் சாக்கடையைக் கலக்க எந்த ஊரும் சம்மதிக்காது. கோவைக்கு நேர்ந்தது வேறு. நூறு வருடத்துக்கு முன் இங்கே குடிதண்ணீர்ப் பஞ்சம் கடுமை. எஸ்.பி. நரசிம்மலு நாயுடு சிறுவாணியைக் கொண்டுவரலாம் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே வாதாடினார். நகராட்சித் தலைவர் சி.எஸ். இரத்தினசபாபதி முதலியார் காலத்தில் அது கைகூடியது. ஆர்.எஸ்.புரம் அவர் பெயரில் உள்ளதுதான். அன்றிலிருந்து சிறுவாணித் தண்ணீர் குடித்தே நாக்கு வளர்ந்தது நமக்கு. பிறகு பில்லூர், ஆழியாறு என்று தூரத்துத் தண்ணீர் சேர்ந்துகொண்டே போனது. இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே காலத்தில் குளத்துக்குக் கீழிருந்த வயல்களும் வீட்டுமனையாயின. குடிக்கிறவனுக்கும் குளம் வேண்டாம், மதகைத் திறக்கச் சொல்லிச் சண்டை போடும் விவசாயியும் இல்லை. கேட்க ஆளில்லாத இடத்துக்கு எது வந்து சேருமோ அது வந்து சேர்ந்தது.

இப்போது அந்த இடத்துக்கு நடைபோகிறவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். சூரிச்சும் சுத்திகரிப்பு நிலையத்துக்கு முன்பே கட்டியது கரையைத்தான். ஆர்னால்ட் பியூர்க்லி என்ற பொறியாளர் அந்த உலாவுசாலைகளை முடித்தது 1887-இல். நகரத்தின் வெர்ட்ஹோல்ஸ்லி கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது 1926-இல். சலவைத்தூளில் பாஸ்பேட்டுக்கு சுவிஸ் அரசு தடைபோட்டது 1986-இல். நூறு வருட வேலை. கரையில் நடந்தவர்களுக்கு நாற்றம் பொறுக்கவில்லை என்பதும் அந்த வேலைக்கு ஒரு காரணமாகத்தான் இருந்திருக்கும். உக்கடத்தில் நாளுக்கு ஏழு கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் ஏற்கெனவே நிற்கிறது. சாக்கடை முழுவதையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாக்கி. குளத்தில் விட்ட பணத்தில் எவ்வளவு பூமிக்கு மேலே போனது, எவ்வளவு குழாய்க்குப் போனது என்று கவுன்சிலரிடம் கேட்க வேண்டிய வேளை இது.

கரை அழகானதற்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. முத்தண்ணன் குளக்கரையில் தலைமுறையாகக் குடியிருந்தவர்களின் வீடுகள் போயின. 2021-இல் அவர்கள் கும்பிட்ட கோயில்களும் இடிக்கப்பட்டன. கீரணத்தம், மலுமிச்சம்பட்டி அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டவர்கள் நகரத்தில் வேலைக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும். ஆக்கிரமிப்பு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். குளத்தின் குறுக்கே ரயிலும் கரைமேல் புறவழிச் சாலையும் போவதற்கு அந்த வார்த்தையை யாரும் சொல்வதில்லை.

பறவை பார்க்க வேண்டுமா, சிங்காநல்லூர் குளத்துக்குப் போங்கள். திருச்சி ரோட்டிலிருந்து பக்கம்தான். நீலத் தாழைக்கோழி ஆகாயத்தாமரை இலைமேல் நீண்ட விரல்களை அகட்டி வைத்து நடக்கும், ஒவ்வொரு அடிக்கும் வெள்ளை வால்புறத்தை வெட்டி வெட்டிக் காட்டும். நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைக்கும். கூழைக்கடாவும் வரும். நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக 2017-இல் இதை அறிவித்தார்கள்.

அங்கிருந்து வெள்ளலூர். ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிக்காசுகள் குவியலாகக் கிடைத்த ஊர் அது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த வணிகர்களின் பாதை நொய்யலை ஒட்டிக் கிழக்கே கொடுமணல் வரை போனது. ஐரோப்பாவுக்கும் கோவைக்கும் தொடர்பு இன்று நேற்றல்ல என்பதற்காகச் சொன்னேன். வெள்ளலூர் குளம் ரொம்ப காலம் வறண்டு, சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் 2017 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வாய்க்காலைத் தூர்வாரினார்கள். தண்ணீர் வந்தது. கரையில் செடிகள் வைத்தார்கள், பட்டாம்பூச்சிகள் வந்தன. கிரானைட் கிடையாது, விளக்கும் அதிகமில்லை. எனக்குப் பிடித்த குளம் இதுதான்.

வருகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். ஜூலை, ஆகஸ்ட் அல்லது ஐப்பசி மழைக்குப் பின் வாருங்கள். கோடையில் வந்து ஏமாறாதீர்கள். ஒரு நாள் போதாது. முதல் நாள் சித்திரைச்சாவடி, பேரூர், உக்கடம். மறுநாள் விடிகாலை சிங்காநல்லூர், வெயிலேறும் முன் வெள்ளலூர். கொறிக்க எடுத்துப்போகும் பிளாஸ்டிக் கவரைத் திரும்ப எடுத்து வாருங்கள். எந்தக் குளத்தில் படம் எடுத்தாலும், தண்ணீர் உள்ளே வரும் மூலையையும் ஒரு படம் எடுங்கள். அங்கே சாக்கடை விழுந்தால் அந்தப் படத்தை மாநகராட்சிக்கு அனுப்புங்கள். உள்ளூர்க்காரர்கள் சொல்லிச் சலித்துவிட்டார்கள். வெளியூர்க்காரர் சொன்னால் ஒருவேளை காதில் ஏறும்.

(அடுத்த வாரம்: கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் வெட்டிய ஊட்டி ஏரி)