ஒரு நிமிடம், ஒரு மாத்திரை, ஒரு பிடி அரிசி

முதலில் மழை வேண்டும். ஹட்டனில் மழைக்கா பஞ்சம் என்பீர்கள். பஞ்சமே இல்லை, அதுதான் சிக்கல்! தகரக் கூரைமேல் நிஜ மழை கொட்டும்போது மைக்கைத் திறந்தால் இரைச்சல்தான் பதிவாகும். பேசுகிறவர் குரல் எங்கே போனதென்றே தெரியாது. அதனால் மழை ஓயட்டும் என்று காத்திருந்து, ஜன்னலைச் சாத்திவிட்டு, அலுமினியத் தட்டொன்றில் ஒரு பிடி அரிசியை மெல்லச் சரியவிட வேண்டும். கேட்கிறவர் காதுக்கு அது லயத்துக் கூரையில் விழும் தூறல். கையை வேகமாகச் சாய்த்தால் அடைமழை. பொலித்தீன் பையைக் கசக்கினால் அடுப்பில் விறகு படபடக்கிறது! கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள், குளிரே அடிக்கும்.

இத்தனை பாடும் எதற்காக? இரும்புச்சத்து மாத்திரை ஒன்றுக்காக.

உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும் வயதில் இருக்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். உயிரியல் பிடிக்கும், நாடகமும் பிடிக்கும், எதை விடுவது? நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கவும் ஆசை, கெமராவுக்குப் பின்னால் நிற்கவும் ஆசை, இரண்டும் ஒரே பிழைப்பில் கிடைக்குமா? கிடைக்கும். மலையகத்தில் அது இன்று நேற்று வந்ததும் இல்லை. வாருங்கள், திரைக்குப் பின்னால் போவோம். செருப்பைக் கழற்ற வேண்டாம், ஆனால் கைப்பேசியை அணைத்துவிடுங்கள், ஒலிப்பதிவு நடக்கிறது.

தோட்டத்துக் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒரு நிமிட வானொலிச் செய்தி எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டொக்டர் தருகிற தகவல் தெளிவானது. தேநீரில் உள்ள பொலிபினோல்கள் உணவிலும் மாத்திரையிலும் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு ஒரு கோப்பை குடித்தால், தாவர உணவிலிருந்து உடம்பில் சேர வேண்டிய இரும்பு பாதிக்கும் மேல் குறைந்துவிடலாம். ஒரு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். விற்றமின் சி சேர்ந்தால் நல்லது. கல்சிய மாத்திரையை அதே நேரத்தில் போடக் கூடாது. அவ்வளவுதான்.

இதை அப்படியே வாசித்தால் இருபது விநாடியில் முடிந்துவிடும். கேட்கிறவர்களும் இருபது விநாடியில் மறந்துவிடுவார்கள். அதனால் எழுதுகிறவர் டொக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி மருந்தைப் பற்றியதே இல்லை: "அந்த அக்காவுக்கு எந்த ஒரு மணித்தியாலம் சும்மா இருக்கிறது?"

இங்கேதான் எனக்குப் பரபரப்புத் தொற்றிக்கொள்ளும்! காகிதத்தை எடுத்து ஒரு நாளை வரைந்து பாருங்கள். விடியமுன் எழும்பினால் சாயத்தண்ணி. பிள்ளையை மடுவத்தில் விட்டு, பெரட்டுக்குப் போய், மலைக்கு ஏறி, கூடை நிரம்பி, நிறுவைக்கு வந்தால் மறுபடி தேத்தண்ணி. பகல் ரொட்டியோடும் அதுதான், அந்தியில் வீடு திரும்பினாலும் அதுதான். எந்த வேளைக்குப் பக்கத்திலும் தேநீர் நிற்கிறது. மிஞ்சுவது படுக்கப் போகும் நேரம். மாத்திரையை அங்கே வைக்க வேண்டும் என்று அந்த நாளின் படமே நமக்குச் சொல்லித் தந்தது. இந்தக் கண்டுபிடிப்பு மருத்துவமா, திரைக்கதையா? எனக்கு இரண்டுக்கும் நடுவில் கோடு தெரியவில்லை.

இனி எழுதலாம்.

அரிசி மழை. பொலித்தீன் அடுப்பு. மாமியார் குரல்: "ஏன் தாயி, மாத்திரையக் கையில வச்சிக்கிட்டு யோசிக்கிற? இந்தா, சுடச்சுடத் தேத்தண்ணி. அதோட முழுங்கு."

மருமகள்: "வேணாத்தே. தேத்தண்ணியோட போட்டா மாத்திர உடம்புல ஒட்டாதுன்னு மிஸ்ஸி சொன்னாங்க."

"அட, நாம பறிக்கிற கொழுந்து நமக்கே ஆகாதாமா?"

"ஆகும்த்தே. தேத்தண்ணிய இப்பக் குடிப்போம். மாத்திரைய படுக்கப் போறப்ப, தேசிக்காத் தண்ணியோட."

மாமியார் ஏன் இங்கே வந்தார்? வீட்டில் யார் எப்போது என்ன சாப்பிடுவது என்று தீர்மானிப்பவர் பெரும்பாலும் அவர்தான். அவர் காதில் விழாத செய்தி அடுப்படியைத் தாண்டாது. அவரை முட்டாளாகவும் காட்டக் கூடாது. அவர் கேட்கிற கேள்வி நியாயமான கேள்வி. தேயிலையை நம்பி வாழ்கிறவரிடம் போய்த் தேயிலை கெட்டது என்று சொல்லிவிட்டு யாரும் நல்ல பெயர் வாங்க முடியாது!

அடுத்த வரிக்குத்தான் வழக்கமாகச் சண்டை வரும். "கக்கூசுக்குப் போனா கறுப்பாப் போகும், பயப்படாதீங்கன்னும் சொன்னாங்க." வானொலியில் இதைச் சொல்லலாமா? தயாரிப்பாளர் நெளிவார். டொக்டர் தயங்குவார். நான் இந்த வரியை விட்டுக்கொடுக்க மாட்டேன். வேறு எந்த வரியையும் வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள். இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும், வயிற்றைச் சற்றுக் குமட்டும், மலச்சிக்கலும் தரும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், பயந்துபோய் மாத்திரையை வீசிவிடுகிறவளைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை?

ஒலிப்பதிவு அறையின் இன்னொரு இரகசியம், குரல். நிஜமாகவே இரத்தச்சோகையிலிருந்து தேறிய ஒரு பெண்ணைப் பேசவைத்தால் என்ன என்று ஆசை வரும். பெயரை மாற்றிவிட்டால் போதும் என்றும் தோன்றும். போதாது! ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் லயத்தில் இருமலை வைத்தே ஆள் யாரென்று சொல்லிவிடுவார்கள். அதனால் அவர் கதையை அவர் அனுமதியோடு வாங்கி, வேறு தோட்டத்து நடிகை ஒருவரின் குரலில் கொடுப்பதுதான் முறை. மருத்துவத்தில் நோயாளியின் இரகசியம் காப்பது என்ன பாடமோ, அதே பாடம் மைக் முன்னாலும்.

படம் வரைகிறவர்கள் பக்கம் ஒரு நிமிடம் எட்டிப் பார்ப்போம். கர்ப்பகாலப் போஸ்டர்களில் சோபாவில் சாய்ந்து ஆப்பிள் கடிக்கும் அம்மணியைப் பார்த்திருப்பீர்கள். அவளுக்குப் படங்கு கட்டிவிடுங்கள், தலையில் கூடைக் கயிற்றைப் போடுங்கள், தட்டில் கோதுமை மா ரொட்டி, பருப்பு, நெத்தலி, கீரை, பக்கத்தில் பாதி தேசிக்காய் வையுங்கள். கிளினிக் சுவரில் அந்தப் படத்தின் முன்னால் பெண்கள் நின்று பேசுவார்கள். உடம்பை வரைவதற்கென்றே படிப்பும் உண்டு. ஜெர்மனியில் பிறந்த ஓவியர் மேக்ஸ் புரோடல் 1911-ல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் மருத்துவ ஓவியத்துக்குத் தனித் துறையே தொடங்கினார். நூறாண்டு தாண்டியும் அது நடக்கிறது!

ஆனால் அமெரிக்கா வரை போவானேன்? இரண்டு வேலையையும் ஒரே மேசையில் வைத்துச் செய்தவர்கள் நம் மலையிலேயே இருந்தார்கள். சமுதாய மருத்துவப் பேராசிரியர் செ. சிவஞானசுந்தரம், நமக்கெல்லாம் நந்தி (1928–2005). தோட்டத் தொழிலாளர் வாழ்வை 'மலைக்கொழுந்து' நாவலாக எழுதிய அதே கைதான் தாய்மாருக்கான நல நூல்களையும் எழுதியது. அவற்றின் தலைப்புகளைப் பாருங்கள்: 'அருமைத் தங்கைக்கு', 'நந்தினி உன் குழந்தை'. அட்டையிலேயே உறவு தொடங்கிவிடுகிறது. நாடகமும் எழுதினார் மனிதர். அப்புறம் தி. ஞானசேகரன். மலையகத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர். 1979-ல் 'குருதிமலை', பிறகு 'லயத்துச் சிறைகள்' என்று நாவல்கள். 2000-ல் 'ஞானம்' சஞ்சிகையைத் தொடங்கி ஆசிரியரானார். பகலில் நாடி பிடித்த கை இரவில் பேனா பிடித்தது. லயத்துக் காம்பராவுக்குள் போகும் அனுமதி ஒரு டொக்டருக்குக் கிடைப்பதுபோல வேறு எந்த எழுத்தாளருக்குக் கிடைக்கும்? அதற்கும் முன்னால் மீனாட்சி அம்மையார் தோட்டங்களில் பாட்டுப் பாடியே தொழிலாளரைத் திரட்டினார். உரிமைக்குப் பாட்டு உதவியது என்றால் உடம்புக்கும் உதவும்தானே!

வானொலி என்றால் கொத்மலையை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1989-ல் தொடங்கிய சமுதாய வானொலி. 1990-களின் இறுதியில், வீட்டுக்கு வீடு இணையம் என்பது கற்பனைக்கும் எட்டாத காலத்தில், யுனெஸ்கோ துணையோடு அங்கே அற்புதமான ஒரு வேலை செய்தார்கள். நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, கிடைத்ததை நேயர்களின் மொழியில் விளக்குவார். உடல்நலக் கேள்வி என்றால் உள்ளூர் டொக்டர் ஒருவரையே பக்கத்தில் உட்காரவைத்து விளக்கச் சொல்வார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் இணைய வசதி வைத்தார்கள். கைப்பேசியில் பொய் வைத்தியம் சுற்றிச் சுற்றி வரும் இன்றைக்கு, தேடித் தருகிற ஒருவரும் சரிபார்க்கிற ஒருவரும் ஒரே மைக் முன்னால் உட்கார்ந்த அந்த ஏற்பாடு எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை! தென்னாபிரிக்காவில் கார்த் ஜாபெட் என்ற டொக்டர், மருந்து எழுதிக் கொடுத்து மட்டும் தீராத நோய்களைக் கண்டு அலுத்து, 'சோல் சிற்றி' என்ற தொலைக்காட்சித் தொடரை உருவாக்கினார். 1999-ல் வந்த பாகத்தில் ஒரு காட்சி. மனைவியை அடிக்கிறான் ஒருவன். அக்கம்பக்கத்தார் அவன் வீட்டு முன்னால் திரண்டு சட்டி பானைகளைத் தட்டுகிறார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை, தட்டுகிறார்கள்! அதைப் பார்த்துவிட்டு நிஜ ஊர்களிலும் மக்கள் அப்படித் தட்டத் தொடங்கினார்கள். பத்துக் காம்பரா வரிசையாக நிற்கும் லயத்தை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டு அடி எல்லா வீட்டுக்கும் கேட்கிறது. எல்லா வீட்டிலும் சட்டி இருக்கிறது. இதை எழுதப் போகும் நம் ஊர்ப் பிள்ளை இப்போது எந்த வகுப்பில் இருக்கிறாளோ!

வேலைக்குக் குறைவில்லை. 2016-ல் நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் ஏறக்குறைய 17 வீதம். தோட்டங்களில் 32 வீதமளவு. இந்த இடைவெளியைக் கதை ஒன்றே மூடிவிடாது. கூலியும் காணியும் வீடும் வேண்டும். அவை கிடைக்கும்வரை பிள்ளை வளராமல் காத்திருக்க மாட்டாள் என்பதால்தான் இந்த வேலைக்கும் ஆள் வேண்டும்.

வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலைப் பிரிவென்றால் உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும், நாடகமும் அரங்கியலும் உண்டு. மிகிந்தலையில் ரஜரட்டைப் பல்கலைக்கழகம் சுகாதார மேம்பாட்டைப் பட்டப்படிப்பாகவே தருகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை. மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் காண்பியக் கலையும். கொழும்பில் சுகாதார மேம்பாட்டுப் பணியகம் மும்மொழியிலும் போஸ்டரும் படமும் செய்கிறது. குடும்ப சுகாதார மருத்துவமாதுவாகவோ பொதுச் சுகாதாரப் பரிசோதகராகவோ போய், கைப்பேசியில் படமெடுக்கப் பழகினாலும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்வீர்கள். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், தெரியாத பாதியைத் தெரிந்த ஒருவரோடு கூட்டுச் சேருங்கள். டொக்டர் பார்த்துச் சரி என்று சொல்லாத உடல்நலச் செய்தியை வெளியே விடவே கூடாது.

படிப்புத் தொடங்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் தோட்டத்துக் கிளினிக் என்றைக்கு என்று மிஸ்ஸியிடம் கேளுங்கள், அனுமதி வாங்குங்கள். கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு ஒரு கொப்பியோடு பின்வாங்கில் உட்காருங்கள். பெண்கள் கேட்கும் கேள்விகளைப் பெயர் போடாமல், அவர்கள் கேட்ட பேச்சிலேயே எழுதுங்கள். பதிலை எழுத வேண்டாம், கேள்விகள் மட்டும் போதும். பக்கம் நிரம்பியதும், அதில் எந்தக் கேள்வி அடிக்கடி வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். உங்கள் முதல் ஒரு நிமிடம் அந்தக் கேள்விதான்.