பொறியியலும் பலர்பாலும்

பாலம் அமைத்தலும், அணை கட்டுதலும், மின்னாற்றலைத் தொலைவிலுள்ள ஊர்கட்குக் கொண்டு சேர்த்தலும் பொறியியலார்தம் பணிகளாம். இவற்றின் பயனை ஆடவரும் மகளிரும், நகரத்தாரும் சிற்றூராரும் ஒருங்கே நுகர்கின்றனர். பயன் யாவர்க்கும் பொதுவாயின், அதற்குரிய கல்வியும் பொதுவாதல் வேண்டுமன்றோ? ஆயினும், நெடுங்காலம் அஃது ஆடவர்க்கே உரியதாய் இருந்தது.

சென்னையில் 1919-இல் பிறந்தவர் லலிதா என்னும் அம்மையார். அவருக்கு 15 வயதில் திருமணம் நிகழ்ந்தது. 18 வயதிலேயே, கைக்குழந்தையோடு கணவரை இழந்தார். கைம்பெண்கள் வீட்டின் மூலையில் ஒடுங்கிக் கிடந்த காலம் அது. லலிதாவோ, கற்றுத் தம் காலில் நிற்கத் துணிந்தார். அவர் தந்தையார் பப்பு சுப்பாராவ், கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்பொறியியற் பேராசிரியர். மகளின் விருப்பத்தை அவர் தடுத்தாரல்லர். கல்லூரி முதல்வர் சாக்கோவிடம் எடுத்துரைத்தார். முதல்வரும் இசைந்தார், கல்வித்துறைத் தலைவரும் ஒப்புதல் அளித்தார். லலிதா 1940-இல் கல்லூரியிற் சேர்ந்தார்.

கதவு திறந்தது, ஆயினும், உள்ளே சென்றவர் ஒருவரே. ஆடவர் பலரிடையே ஒரு பெண் தனித்துப் பயிலுதல் எளிதோ? பின்னர்த் திரேசியா, லீலாம்மா என்னும் இருவரும் கட்டடப் பொறியியல் கற்க அங்கு வந்தனர். தனிமை நீங்கித் தோழமை பிறந்தது. மூவரும் 1943-இல் கல்வியை நிறைவு செய்தனர்.

பட்டம் வழங்குங்கால் ஒரு புதுமை நிகழ்ந்தது. பட்டச் சான்றிதழில் ஆண்பாலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அச்சிடப்பட்டிருந்தது. பெண்ணொருத்தி இப்பட்டம் பெறுவாள் என்று அதனை அச்சிட்டோர் எண்ணினாரல்லர். ஆகவே, அச்சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தனர்!

லலிதா பிற்காலத்தில் பக்ரா நங்கல் அணைத் திட்டத்திற்குரிய மின்கடத்துப் பாதைகளை வடிவமைக்கும் பணியில் ஈடுபட்டார். 1964-இல் நியூயார்க்கில் நடந்த உலகப் பெண் பொறியியலார், அறிவியலார் முதல் மாநாட்டிலும் கலந்துகொண்டார். திரேசியா கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். அன்று கதவு அடைத்திருப்பின், இத்தகு திறன்கள் நாட்டிற்குப் பயன்படாமலே போயிருக்கும்.

கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. வர இயலாதாரை அழைத்து வருதலும் வேண்டும். இதனை உணர்ந்தே, 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ் வாயிலாகக் கற்பிக்கத் தொடங்கியது. 2018-இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் மகளிர்க்கெனக் கூடுதல் இடங்களை அமைத்தன. 2021-இல் தமிழக அரசு, அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்களைச் சட்டத்தால் ஒதுக்கியது.

இவற்றைச் சலுகை என்று மட்டும் கருதற்க. நாள்தோறும் குடம் சுமந்தவள், குழாயை எங்கு, எவ்வுயரத்தில் அமைத்தல் நன்று என்பதைத் தானே அறிவாள். வெள்ளத்தில் பாதை துண்டிக்கப்பட்ட ஊரில் வளர்ந்தவன், பாலத்தின் அருமையைப் பிறர் சொல்லாமலே உணர்வான். பலவகை வாழ்வை அறிந்தோர் கூடிச் செய்யும் பணியே பலர்க்கும் பயன்படும். ஆதலின், இதனால் பெரும்பயன் எய்துவது பொறியியற்கலையே.

தமிழ் இலக்கணத்தில் ‘அவன்’ என்பது ஆண்பால். ‘அவள்’ என்பது பெண்பால். ‘அவர்’ என்பதோ ஆடவரையும் மகளிரையும் ஒருங்கே தழுவும் பலர்பால். அன்று ஒருவர்க்காக ஒரு சொல்லை அடித்துத் திருத்தினர். இனி, எவர்க்காகவும் திருத்த வேண்டாதவாறு, பொறியியல் பலர்பாலாய் விளங்கட்டும். அவ்வாசலில் நுழையும் உரிமை உங்கட்கும் உண்டு. நுழைந்தபின், அடுத்து வருவார்க்குக் கைகொடுக்கும் கடமையும் உண்டு.