சக்கையைக் கொட்டாதீர்கள்

மைசூரு செலுவாம்பா மாளிகையில் 1950 முதல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இயங்கிவருகிறது. அங்குள்ள ஆய்வாளர்கள், அந்த ஊர்க்காரர்கள் விரும்பிச் சாப்பிடும் ஏலக்கி வாழையின் பூவையும் தண்டையும் சோதித்து, 2010களின் தொடக்கத்தில் கட்டுரைகள் வெளியிட்டார்கள். இரண்டிலும் நார்ச்சத்து ஏராளம். நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு அவற்றைக் கொடுத்தபோது இரத்தச் சர்க்கரை குறைந்தது.

எலிக்குப் பலித்தது நமக்கும் அப்படியே பலிக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்லலாம்: தண்டை அரைத்து, வடிகட்டி, சாற்றை மட்டும் குடிப்பவர்கள் நாரில் பெரும்பகுதியைக் குப்பையில் போடுகிறார்கள். கூட்டாகவோ பொரியலாகவோ செய்தால் அது வயிற்றுக்குள் போகும்.

பொட்டலத்தில் வரும் நார்

மருந்துக் கடையில் கிடைக்கும் இசப்கோல் உமி தண்ணீரை உறிஞ்சிக் கூழாகிவிடும். அந்தக் கூழில் சிக்கிய மாவுச்சத்து மெதுவாகச் செரிப்பதால், சாப்பிட்டதும் சர்க்கரை சட்டென்று ஏறுவதில்லை. சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருப்பவர்களிடம் பலன் கூடுதலாகத் தெரிகிறது. இயல்பாக இருப்பவர்களிடம் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. நீரிழிவு வராமலே தடுக்குமா என்பது வேறு கேள்வி. அதற்குச் சான்று மிகமிகக் குறைவு என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014இல் சொல்லிவிட்டது.

வெந்தயத்தில் ஏறக்குறைய பாதி எடை நார்தான். கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 11 கிராம்; தீட்டிய பச்சரிசியில் 3 கிராம்கூட இல்லை. பெரியவர்கள் தினமும் குறைந்தது 25 கிராம் நாரை உணவிலிருந்தே பெற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 பரிந்துரை. களியும் கீரையும் தட்டில் இருந்தால் பொட்டலத்துக்கு அவசியமே இருக்காது என்பது என் எண்ணம்.

எடை குறையுமா?

வயிறு நிறைந்த உணர்வு வரும், அதனால் கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுவோம். அவ்வளவுதான். மூன்று தோசையை ஐந்தாக்கிவிட்டு மேலே ஒரு கரண்டி உமி போட்டுக் குடிப்பதில் பயனில்லை.

குடிக்கும் முன்

ஆரஞ்சுச் சுவையூட்டிய பொடிகள் பலவற்றில் சர்க்கரை கலந்திருக்கும். உறையைப் படித்துவிட்டு வாங்குங்கள். உமியை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படுபவர்களும் குடல் அடைப்பு வந்தவர்களும் தொடவே கூடாது. குறைந்த அளவில் தொடங்கினால் வாயுத் தொல்லை அதிகம் இராது.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்புண்டு. மற்ற மாத்திரைகளுக்கும் உமிக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம்.