ஆடிச் சீர், தீபாவளிச் சீர், பொங்கல் சீர்... கொண்டாட்டமா, கொஞ்சம் ஓவரா?

டிசம்பர் பிறந்தால் சென்னை, பெங்களூரு அலுவலகங்கள் பலவற்றில் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். ‘கிறிஸ்-மாம், கிறிஸ்-சைல்ட்’ விளையாட்டு. சீட்டில் யார் பெயர் விழுகிறதோ, அவருக்குக் கிறிஸ்துமஸ் வரை ரகசியமாகப் பரிசு வைக்க வேண்டும். 300 ரூபாய், 500 ரூபாய் என்று ஹெச்.ஆர். முன்கூட்டியே ஓர் உச்சவரம்பு சொல்லிவிடுவார். யாருக்கும் கடன் இல்லை, மனஸ்தாபமும் இல்லை.

அதே அலுவலகத்தில், தலைப் பொங்கலுக்குத் தயாராகும் தஞ்சாவூர்ப் பெண் ஒருவர் இருந்தால், அதே வாரத்தில் அவர் போனுக்கு ஊரிலிருந்து அம்மாவின் வாய்ஸ் மெசேஜ் இப்படி வரலாம்: “பொங்கலுக்கு என்னென்ன வைக்கணும்னு உங்க மாமியார்கிட்ட பக்குவமா கேட்டுச் சொல்லு பாப்பா. அப்புறம் அவங்க ஒரு குறை சொல்லிடக் கூடாது.” இந்தப் பரிசுக்கு உச்சவரம்பு சொல்ல எந்த ஹெச்.ஆரும் கிடையாது.

வெளிநாடுகளிலும் இப்படி ஒரு சண்டை டிசம்பர்தோறும் நடக்கிறது. கிறிஸ்துமஸ் மரத்தடியில் வைக்கும் பரிசு போதாதென்று, 24 நாளும் தினம் ஒரு சின்னக் கதவைத் திறந்து எடுக்கும் ‘அட்வென்ட் காலண்டர்’, முந்தின நாள் இரவுக்கென்று தனிப் பரிசுப் பெட்டி, 2005-ல் வந்த ஓர் அமெரிக்கக் குழந்தைப் புத்தகத்தோடு பரவிய ‘எல்ஃப் ஆன் த ஷெல்ஃப்’ பொம்மை. இதெல்லாம் ஜாலியா, அதிகப்படியா என்று பெற்றோர்கள் பட்டிமன்றம் நடத்துகிறார்கள். காவிரி டெல்டாவில் இந்தக் கேள்விக்கு வயது அதிகம். இங்கே அதன் பெயர் சீர்.

முதல் வருஷம் எத்தனை தட்டு?

கல்யாணத்தோடு சீர்வரிசை முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் வெளியூர்க்காரர்கள். உண்மையில் அது அப்போதுதான் ஆரம்பிக்கிறது. ஆடி பிறந்ததும் பெண்ணை அழைத்துவர வேண்டும். மாப்பிள்ளைக்கும் அழைப்பு, புதுத்துணி, தேங்காய்ப்பால், விருந்து. ஆடிக்கு அழைக்காத மாமியாரை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பழமொழியே இருக்கிறது. அதன் பின்பாதியை இங்கே எழுத முடியாது. தெரியாதவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஆடிப்பெருக்குக்குக் காவிரிக் கரையில் காதோலை கருகமணி, காப்பரிசி படைத்து, புதுப்பெண்ணுக்குத் தாலி பிரித்துக் கட்டும் குடும்பங்கள் உண்டு. அதற்கும் செலவு பிறந்த வீட்டுடையதுதான். பிறகு தலை தீபாவளி. இதில் பட்டும் வேட்டியும் மட்டும் என்றால் பிழைத்தோம், மோதிரமும் பைக்கும் கூடப் பட்டியலில் ஏறுவது உண்டு. கார்த்திகைக்கு அண்ணன் தம்பி கையால் ஒரு சீர். அடுத்து தைப் பொங்கல்: வெண்கலப் பானை, பச்சரிசி, வெல்லம், பருப்பு, மஞ்சள் கொத்து, வாழைத்தார், தேங்காய், கட்டுக் கரும்பு, துணிமணி. எல்லாம் ஒற்றைப்படைத் தட்டுகளில், ஐந்து, ஏழு, ஒன்பது என்று. கிறிஸ்தவ வீடுகளிலும் தலை கிறிஸ்துமஸ் என்று ஒன்று உண்டு. மதம் மாறினாலும் சம்பந்தி மாறவில்லை!

இதற்குள் வளைகாப்பு வந்துவிட்டால் அது தனிக் கணக்கு. குழந்தை பிறந்தால் தாய்மாமன் சீர், காதுகுத்து என்று செலவு அப்பாவிடமிருந்து அண்ணன் தலைக்கு மாறும்.

ஜாலி எங்கே இருக்கிறது?

இதை முழுக்கச் சுமை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. சில ஆண்டுகளுக்கு முன், கட்டுக் கரும்பைத் தலையில் வைத்துக்கொண்டு, கையை விட்டபடி சைக்கிள் மிதித்து, மகள் வீட்டுக்குப் பொங்கல் சீர் கொண்டுபோன ஒரு பெரியவரின் வீடியோவைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதைப் பார்த்து “பாவம், எவ்வளவு செலவு” என்று யாரும் சொல்லவில்லை. நம் வீட்டிலும் இப்படி ஒருவர் வர வேண்டும் என்றுதான் தோன்றியது.

சீரில் வரும் பொருளைவிட, அதைக் கொண்டுவரும் ஆள் முக்கியம். கட்டிக்கொடுத்த வீட்டில் பெண் எப்படி இருக்கிறாள் என்று சும்மா போய் எட்டிப் பார்க்க முடியாத காலம் ஒன்று இருந்தது. கையில் ஒரு தட்டு இருந்தால் போகலாம். அண்ணன் வாசலில் நிற்கிறான், தங்கையின் முகத்தைப் பார்க்கிறான். அவளுக்குக் கேட்க ஆள் இருக்கிறது என்பது அந்தத் தெருவுக்கே தெரிந்துவிடும். ஆடியில் பெண்ணை அழைத்துவருவதும் அப்படித்தான். ஆடியில் கரு தங்கினால் சித்திரை வெயிலில் பிரசவம் என்று காரணம் சொல்வார்கள். பெண்ணுக்கோ அது அம்மா வீட்டில் ஒரு மாச லீவு.

தெய்வங்களே இந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை. டெல்டாவின் தலைவாசலான ஸ்ரீரங்கத்தில், ஆடியில் நம்பெருமாள் அம்மா மண்டபம் படித்துறைக்கு எழுந்தருள, காவிரித் தாய்க்குப் பட்டும் மங்கலப் பொருள்களும் சீராகப் போகின்றன. தைப்பூசத்துக்கு சமயபுரம் மாரியம்மனுக்கு அண்ணன் ரங்கநாதரிடமிருந்து சீர் போகிறது. கொள்ளிடக் கரையில் அதைப் பார்க்கக் கூடும் கூட்டத்தில், பிறந்த வீட்டிலிருந்து வெகுநாளாக ஒன்றும் வராத பெண்களும் நிற்பார்கள்.

தண்ணி வரும் மாசம், காசு வரும் மாசம்

சிக்கல் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. மேட்டூர் அணை திறக்க வேண்டிய வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் வந்தால் குறுவை, அது புரட்டாசி, ஐப்பசியில் அறுவடைக்கு வரும். சம்பாவும் தாளடியும் தை, மாசியில்தான் களத்துக்கு வரும். ஆடி என்பது உழவுக்கும் விதைக்கும் நடவுக்கும் கைக்காசு கரையும் மாசம். முதல் பெரிய சீர் வந்து நிற்பதும் அதே மாசத்தில். 2024-ல் மேட்டூர் திறந்ததே ஜூலை 28-ல். அதாவது தண்ணீருக்கு முன்பே ஆடி வந்துவிட்டது.

குறுவை போட்டவருக்குத் தீபாவளியில் கொஞ்சம் காசு புழங்கும். ஆனால் வேதாரண்யம், தலைஞாயிறு போன்ற கடைமடைப் பகுதிகளில் பெரும்பாலும் சம்பாதான். அங்கே பொங்கல் சீருக்குப் போகும் பச்சரிசிகூடக் கடையில் வாங்கியதாக இருக்கும், சொந்த நெல் இன்னும் வயலிலேயே நிற்கும். அறுத்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் வரிசையில் காத்திருந்து, பணம் வங்கிக் கணக்கில் ஏறும்போது பொங்கல் முடிந்து பல வாரம் ஆகியிருக்கும். நடுவில் கைகொடுப்பது கூட்டுறவுச் சங்கத்து நகைக்கடன். நிலமில்லாத கூலிக் குடும்பம் என்றால் குழுக் கடன். மகளுக்குச் சீர் வைக்க அம்மாவின் நகை அடகுக்குப் போவது இங்கே அதிசயம் இல்லை.

2025–26 பருவத்துக்கு அரசு கொள்முதல் நிலையத்தில் சன்ன ரக நெல் குவிண்டால் 2,545 ரூபாய், சாதாரண ரகம் 2,500 ரூபாய். 40 கிலோ சிப்பம் ஒன்றுக்குச் சுமார் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு அரைப் பவுன் மோதிரம் என்றால் எத்தனை சிப்பம்? இன்றைய தங்க விலையைப் போனில் பார்த்து, நான்கு கிராமுக்குக் கணக்குப் போட்டு, 1,000-ஆல் வகுத்தால் விடை கிடைக்கும். அது மொத்த வரவுதான். உரம், ஆள்கூலி, அறுவடை மெஷின் வாடகை எல்லாம் இன்னும் கழிக்கவில்லை.

மொய்க்கு நோட்டு உண்டு, சீருக்கு?

இதே தஞ்சை மாவட்டத்தில் பேராவூரணிப் பக்கமும், ஒட்டிய புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு வட்டாரத்திலும் ஆடியில் மொய் விருந்து நடக்கும். பத்திரிகை அடித்து, பிளெக்ஸ் வைத்து, ஆட்டுக்கறிச் சாப்பாடு போட்டு மொய் வாங்குவார்கள். யார் எவ்வளவு வைத்தார் என்பது நோட்டில் ஏறும். அவர் வீட்டு விருந்துக்கு அது திரும்பப் போக வேண்டும். கடையோ தென்னந்தோப்போ வைக்க வட்டியில்லாத முதல் இப்படித் திரண்ட வீடுகள் நிறைய.

மொய்யில் கொடுத்தவர் ஒருநாள் வாங்குவார். சீர் அப்படி இல்லை. அது பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு ஒருவழிப் பாதையில் போகும். போன வருஷம் ஏழு தட்டு என்றால் இந்த வருஷம் ஐந்தாகக் குறைக்க முடியாது, “நாலு பேர் என்ன சொல்வாங்க” என்று ஒரு வாக்கியம் குறுக்கே நிற்கும். இப்போது நாலு பேர் போதாதென்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வேறு. தட்டுகளை வரிசையாக வைத்து டிரோன் ஷாட் எடுப்பதுவரை வந்தாயிற்று. அந்த வீடியோ ஓரகத்தியின் பிறந்த வீட்டுக்கும் போய்ச் சேரும் என்பதை எடுப்பவர்கள் யோசிப்பதில்லை, அல்லது யோசித்துத்தான் எடுக்கிறார்கள்.

நிலம் யாருக்கு?

சீர் அதிகமா என்று கேட்பவர்கள் பொதுவாகக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அந்த வீட்டு நிலம் யார் பெயரில் இருக்கிறது?

டெல்டாவில் சொத்து என்றால் நன்செய். தலைமுறை தலைமுறையாக அது பிள்ளைகளுக்கு, பெண்ணுக்குச் சீர். தமிழ்நாடு 1989-லேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அந்த ஆண்டு மார்ச் 25 வரை திருமணமாகாத மகள்களுக்குப் பூர்விகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தது. 2005-ல் மத்திய சட்டம் எல்லா மகள்களுக்கும் அதை விரித்தது. 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்த உரிமை பிறப்பால் வருவது, 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று தெளிவாக்கியது. கிறிஸ்தவர்களுக்கு 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாவிட்டால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், அப்பா காலமானதும் பல வீடுகளில் நடப்பது வேறு. விடுதலைப் பத்திரம் தயாராகும், அக்கா தங்கைகள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். யாரும் மிரட்டுவதில்லை. “உனக்கு வருஷா வருஷம் செய்ய வேண்டியதை நான் குறையில்லாம செஞ்சுடுவேன்” என்று அண்ணன் சொல்வார், மனதாரவும் சொல்வார். பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் மூடிவிடுமோ என்று தங்கைக்குப் பயம்.

கணக்குக்காக ஒன்று பார்க்கலாம். வருஷத்துக்கு 5,000 ரூபாய் சீர், 30 வருஷம் தவறாமல் வந்தால் 1,50,000 ரூபாய். ஒரு மா, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு நன்செய் உங்கள் ஊரில் என்ன விலை போகிறது என்று விசாரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அப்போது சீர் ஓவர் என்று தோன்றாது. ஆடியில் நகையை அடகு வைக்கும் அப்பாவுக்கு அதிகமாக இருக்கும் அதே சீர், நிலத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மகளுக்கு ரொம்பக் குறைவு. இரண்டும் ஒரே வீட்டில் உண்மை. பணம் போவது மாமியார் வீட்டுக்கு என்பதால், அந்தக் குறைவான பங்குகூட அவள் கைக்கு வருகிறதா என்பது வேறு விஷயம். பெண்ணுக்கென்று கொடுத்தது சீதனம், அது அவளுடைய முழுச் சொத்து என்று 1985-லேயே பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சட்டத்திலும் இருக்கிறது ‘ஓவர்’

1961-ம் ஆண்டு வரதட்சிணைத் தடைச் சட்டத்தில், கேட்காமல் கொடுக்கும் கல்யாணப் பரிசுக்கு விலக்கு உண்டு. ஆனால் அதைப் பட்டியல் போட்டு வைக்க வேண்டும். பெண் வீட்டார் தருவது வழக்கமான பரிசாகவும், அவர்கள் வசதிக்கு மிஞ்சாததாகவும் இருக்க வேண்டும். பண்டிகைச் சீர் இதில் எங்கே வரும்? சத்வீர் சிங் வழக்கில் 2001-ல் உச்ச நீதிமன்றம், குழந்தைப்பேறு போன்ற சடங்குகளில் வழக்கமாகத் தருவதை வரதட்சிணையாகக் கொள்ள முடியாது என்றது. எனவே அப்பா பிரியத்தோடு கொண்டுவரும் கரும்பு குற்றமில்லை. “பைக் எப்போ வரும்?” என்று கேட்டால் கதை மாறும். திருமணத்தை ஒட்டி எப்போது கேட்டாலும், கல்யாணத்துக்குப் பிறகு கேட்டாலும், அது வரதட்சிணைக் கோரிக்கை ஆகலாம். கேட்டுத் துன்புறுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா 85-வது பிரிவின்படி மூன்று ஆண்டுவரை சிறை. உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181.

சட்டத்துக்குப் போகும் அளவுக்கு முற்றாத வீடுகள்தான் அதிகம். அங்கே எல்லாம் அந்த வாய்ஸ் மெசேஜில் இருக்கிறது. அம்மா மகளிடம் கேட்கிறார், மகள் மாமியாரிடம் கேட்க வேண்டும், மாமியார் “நாங்க என்னத்தைக் கேக்கப்போறோம், உங்க இஷ்டம்” என்பார். உலகத்திலேயே செலவு அதிகம் வைக்கும் பதில் இதுதான். அளவு தெரியாததால் பயந்துபோய் இரண்டு தட்டு கூடுதலாக வைப்பார்கள்.

இந்த இடத்தில் பேச வேண்டியவர் மாப்பிள்ளை. அவர் தன் அம்மாவிடம் முதலில் பேசிவிட்டு மாமனாருக்கு நேராக ஒரு போன் போட்டால் வேலை முடிந்தது: “மாமா, பானை போன வருஷமே வந்துடுச்சு. கரும்பும் மஞ்சள் கொத்தும் மட்டும் கொண்டாங்க. அத்தையையும் கூட்டிட்டு வாங்க, ரெண்டு நாள் தங்கிட்டுப் போகலாம்.” சூரக்கோட்டைப் பக்கம் செங்கரும்பு வெட்டு மார்கழிக் கடைசியில் ஆரம்பித்துவிடும். போனை அதற்கு முன்னால் போட்டுவிடுவது நல்லது, அதற்குப் பிறகு தட்டுக்குச் சாமான் வாங்க ஆரம்பித்துவிடுவார்கள்.