பெட்டிக்குள் ஓர் ஆட்டம் – 11: மூன்று உயிரும் முப்பது உயிரும்

காண்ட்ரா என்ற வீடியோ ஆட்டத்தில் ஆடுபவருக்கு மூன்று உயிர். ஒரு குண்டு பட்டால் ஒன்று போச்சு. காட்டில் தொடங்கி வேற்றுக்கிரகப் பிராணிகளின் குகை வரை எட்டு ஸ்டேஜ். மூன்று உயிரோடு இரண்டாம் ஸ்டேஜைத் தாண்டுவதே பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெரும்பாடு. 1988இல் நின்டெண்டோ பெட்டிக்காக இந்த ஆட்டத்தை வெளியிட்ட கொனாமி நிறுவனம், தலைப்புத் திரையில் ஒரு வழியையும் ஒளித்து வைத்திருந்தது. மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ, பிறகு ஸ்டார்ட். மூன்று, முப்பதாகிவிடும்.

இந்த வரிசை காண்ட்ராவுக்காகப் பிறந்ததல்ல. கசுஹிசா ஹாஷிமோட்டோ என்ற கொனாமி நிரலாளர், ஆர்கேடில் ஓடிக்கொண்டிருந்த கிரேடியஸ் விண்கல ஆட்டத்தை வீட்டுப் பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். அது 1986இல் வெளிவந்தது. தான் எழுதிய ஆட்டத்தைத் தானே கடைசிவரை ஆடிச் சோதிக்க வேண்டும். ஆனால் அது அவருக்கே கடினமாக இருந்தது. ஆகவே பத்துப் பொத்தான்களை வரிசையாக அழுத்தினால் விண்கலத்துக்கு ஆயுதங்கள் மொத்தமும் கிடைக்கும்படி எழுதிக்கொண்டார். விற்பனைக்குப் போன கேசட்டிலும் அது அப்படியே தங்கிவிட்டது. வேலை செய்பவர் தன் வசதிக்காகச் செய்துகொண்ட கருவி அது. அதைக் குறுக்குவழி என்று இழிவாகப் பேசுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. ஹாஷிமோட்டோ 2020 பிப்ரவரி 25 அன்று 61 வயதில் காலமானார்.

அந்த முப்பது உயிர் எங்கள் ஊரான தேங்காய்த்திட்டில் என்ன செய்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் பாதையில் ஒரு வீட்டு முன்னறையில் டிவி கேம் இருந்தது. மணிக்கணக்கில் காசு. ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், கூடவே பள்ளி விடுமுறையும் வந்துவிடும். ஆகவே அந்த ஒரு டிவிக்கு முன்னால் எப்போதும் கூட்டம்தான். அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு: மூணு லைஃப் முடிஞ்சா ஜாய்ஸ்டிக் அடுத்தவன் கைக்கு. யாராவது ரகசியமாக அந்த வரிசையை அழுத்திவிட்டால் பின்னாலிருந்து சத்தம் கிளம்பும். "அண்ணே, இவன் முப்பது போட்டுட்டாண்ணே!" உள்ளேயிருந்து அந்த வீட்டு அண்ணன் குரல் கொடுப்பார்: "ரீசெட் அடிடா."

'கோடு' (code) என்று நாங்கள் சொன்ன அந்தப் பொத்தான் வரிசை ஆட்டத்தின் கடினத்தை மட்டும் மாற்றவில்லை, காத்திருப்பவர்களின் முறையையும் மாற்றியது. மூன்று உயிரில் ஒருவன் சில நிமிடங்களில் எழுந்துவிடுவான். முப்பது என்றால் அரை மணி நேரம் அசைய மாட்டான். ஆகவே கூட்டம் இருந்தால் கோடு கூடாது, மத்தியான வெயிலில் ஆளில்லாதபோது போட்டுக்கொள்ளலாம் என்று அந்த அறையே ஒரு நியாயத்தை வகுத்துக்கொண்டது.

இன்னொன்றும் நடந்தது. காண்ட்ராவை இருவர் சேர்ந்து ஆடலாம். மூன்றாவது ஸ்டேஜ் அருவி. மேலே மேலே குதித்து ஏற வேண்டும். முந்துபவர் ஏற ஏறத் திரையும் நகரும். பின்தங்குபவர் திரையின் அடிவிளிம்பில் சிக்கிச் செத்துப்போவார். அதனால் பெரிய பையன்கள் சின்னவர்களை ஜோடி சேர்க்கவே மாட்டார்கள். முப்பது உயிர் இருந்தபோதுதான் "வாடா தம்பி, நீயும் ஆடு" என்றார்கள். இருவருக்குமே முப்பது என்பதால் சின்னவன் பத்து முறை விழுந்தாலும் கூடவே வர முடிந்தது. நான் அந்த அருவியைத் தாண்டியது அப்படித்தான். பனிப்பிரதேசம் வரும் ஐந்தாம் ஸ்டேஜை முதன்முறை பார்த்ததும் அப்படித்தான்.

பெட்டிக்குள் நடப்பது மிகச் சிறிய மாற்றம். நின்டெண்டோ பெட்டியின் நினைவகம் வெறும் 2 கிலோபைட். உயிர் என்பது அதில் ஓர் இடத்தில் எழுதப்பட்ட ஓர் எண். காண்ட்ராவின் கோடு அந்த எண்ணைத் தொடக்கத்திலேயே கூட்டிவைக்கிறது. இதையே வெளியிலிருந்து செய்ய வந்த கருவி கேம் ஜீனி. பிரிட்டனின் கோட்மாஸ்டர்ஸ் வடிவமைத்தது. அமெரிக்காவில் கலூப் நிறுவனம் விற்றது. கேசட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் அதைச் செருக வேண்டும். கேசட்டிலிருந்து ஒரு குறிப்பிட்ட பைட்டைப் பெட்டி கேட்கும்போது, அது வேறொரு பைட்டைக் கொடுத்துவிடும். சூப்பர் மேரியோவுக்கு எஸ், எக்ஸ், ஐ, ஓ, பி, ஓ என்று ஆறே எழுத்து. மேரியோ சாகும்போது 'ஒன்றைக் கழி' என்று சொல்லும் கட்டளை, 'எண்ணைப் படி' என்று மாறிவிடும். அதன்பின் மேரியோ எத்தனை முறை செத்தாலும் எண் குறையாது.

தன் ஆட்டத்தைத் திரிக்கிறார்கள் என்று நின்டெண்டோ நீதிமன்றம் போய் விற்பனைக்குத் தடையும் வாங்கியது. 1991இல் நீதிபதி ஃபெர்ன் ஸ்மித் கலூபின் பக்கம் தீர்ப்பளித்தார். காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தில் பக்கங்களைத் தாண்டிப் படிப்பது போன்றதே இது என்பது அவர் பார்வை. 1992இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. தடைக்காகக் கட்டிய 1.5 கோடி டாலர் பிணைத்தொகையும் பிறகு கலூபுக்கே போனது. வாங்கியவருக்கும் ஆட்டத்தில் உரிமை உண்டு என்பதை நிலைநாட்டிய நல்ல தீர்ப்பு இது.

ஆனாலும் தீராத உயிரை நான் பரிந்துரைக்க மாட்டேன். குழியில் விழுந்தால் இழப்பு ஏதும் இல்லை என்றால், குழியைப் பார்த்துத் தாண்டவும் தோன்றாது. முப்பது அப்படியல்ல. அது தீரும். இன்னும் ஐந்துதான் மிச்சம் என்று தெரியும்போது கை வியர்க்கும். மேரியோவில் கோடு இல்லாமலே உயிர் சேர்க்கும் வழி ஒன்று உண்டு. 3-1 கட்டத்தின் முடிவில் படிக்கட்டில் இறங்கிவரும் ஆமையின் மேல் குதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அங்கும் உயிர் 127ஐத் தாண்டிவிட்டால் பெட்டி அதை எதிர்மறை எண்ணாக எடுத்துக்கொள்ளும். அடுத்த சாவிலேயே கேம் ஓவர்.

நமக்கு வந்துசேர்ந்தவை பெரும்பாலும் நகல்கள். லிட்டில் மாஸ்டர், மீடியா போன்ற பெட்டிகளும், '9999 இன் 1' என்று ஒட்டிய கேசட்டுகளும்தான். பட்டியலில் ஒரே ஆட்டம் திரும்பத் திரும்ப வரும். ஒரு காண்ட்ரா முப்பது உயிரோடு தொடங்கும், இன்னொன்று நேராக நடு ஸ்டேஜில் இறக்கிவிடும். கோடு அழுத்த வேண்டிய தேவையே இல்லை. யாரோ முகம் தெரியாத ஒருவர் அதை ஆட்டத்துக்குள்ளேயே எழுதிவைத்திருந்தார். ஜாய்ஸ்டிக்கிலும் ஏ, பி இரண்டுக்கும் துணையாக டர்போ பொத்தான்கள் இருந்தன. அழுத்திப் பிடித்தால் சாதாரணத் துப்பாக்கியும் நிற்காமல் சுடும். காண்ட்ரா அப்படித்தான் இருக்கும் என்று நம்பி வளர்ந்த பிள்ளைகள் ஏராளம்.

2019இல் கொனாமி தன் பழைய காண்ட்ரா ஆட்டங்களைத் தொகுத்து மறுபடி வெளியிட்டது. அந்தத் தொகுப்பில் நம் தெருவில் ஓடிய நகல் காண்ட்ரா இல்லை. அது நம் வீட்டுப் பரண்களில் கிடக்கும் கேசட்டுகளில்தான் இருக்கிறது. அதனால் அவற்றைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். தூசியைத் துடைத்து, ஈரம் படாமல் ஒரு பெட்டியில் வையுங்கள். பட்டியலில் என்னென்ன ஆட்டம், எது எத்தனை உயிரோடு தொடங்குகிறது என்று ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள்.